செயலாளர் ஆண்டறிக்கை: பொதுத் தொட்டியும் பொதுப் பணமும்

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதவர்களுக்கும் வணக்கம்.

கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் நம் சங்கத்தில் பெயரளவுக்கு 34 பேர் இருக்கிறோம். மாதம் ஒரு கூட்டம் என்பது விதி, நடந்தது 6. ஆனித் தேரோட்டத்துக்காக ஒன்று தள்ளிப்போனது. தள்ளிப்போனது அப்படியே போய்விட்டது. குற்றாலப் பயணம் நடந்தது, சாரல் இல்லை. சொதிச் சாப்பாடு போட்ட கூட்டத்துக்கு 27 பேர் வந்திருந்தார்கள். அதற்கு அடுத்த கூட்டத்துக்கு 5 பேர், அதில் ஒருவர் தலைவர், ஒருவர் நான்.

கடல் தண்ணீர் எடுக்க இரண்டு தடவை மணப்பாடு போய் வந்தோம். கார்த்திகையில் ஓர் உறுப்பினர் தாமே புன்னைக்காயல் பக்கம் போய் 10 கேன் அள்ளி வந்தார். தாமிரபரணி கடலில் விழுகிற இடம் அது. மழைக்காலத்தில் அங்கே அள்ளினால் பாதி ஆறுதான் வரும். அடர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 1.016 காட்டியது, கலங்கலும் அப்படி. அவர் மனம் நோகக் கூடாதென்று இரவில் கொட்டினேன்.

இனி பொதுத் தொட்டி. இதைப் பற்றிச் சங்கத்தில் பலவிதமாகப் பேசப்படுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 450 லிட்டர். கூட்டம் நடக்கும் இடத்தில் கரண்டு பில் யார் கட்டுவது என்று முடிவாகாததால் என் வீட்டு முன்னறைக்கு வந்தது. ஒரு மாதம் வைத்திருங்கள் என்றார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது.

பங்குனி கடைசியில் பாறைமேல் பச்சையாய்த் தூள் மாதிரி தெரிந்தது. சித்திரையில் விரல் நீளத்துக்கு முடிப்பாசி. வைகாசியில் பாறையையே காணோம். பார்க்க வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, இது காரா, பிசானமா?” என்று நெல் போகத்தைக் கேட்பதுபோல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். யோசித்தால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. யூரியாவும் டி.ஏ.பி.யும் போட்ட வயலில் பயிர் வராமல் என்ன செய்யும்? தழைச்சத்து தொட்டியில் நைட்ரேட்டாக நிற்கிறது, மணிச்சத்து பாஸ்பேட்டாக நிற்கிறது. மூட்டை பிரித்து யாரும் போடவில்லை. தீனி டப்பா வழியாகப் போயிருக்கிறது.

போட்ட தீனியை மீன் தின்றாலும் சரி, தின்னாமல் விட்டாலும் சரி, கடைசியில் அது அம்மோனியா ஆகும். பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி விட்டுவிடும். அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே அனுப்புவது பாறையின் உள்ளிடுக்கில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாவின் வேலை. நம்முடையது புதிய செயற்கைப் பாறை. அந்த வேலைக்கு இன்னும் ஆள் சேரவில்லை. (கடலிலிருந்தே நல்ல பாறை கொண்டுவரலாமே என்று கேட்டவருக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளப் பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. அதைச் சுண்ணாம்புக்காக வெட்டியே வளைகுடாவில் இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. நம் சங்கத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.)

சோதித்ததில் நைட்ரேட் 50 பி.பி.எம்., பாஸ்பேட் வெறும் 0.02. “பாஸ்பேட்டே இல்லையே, செயலாளர் லைட்டை அதிக நேரம் எரியவிடுகிறார், அதுதான் காரணம்” என்று முடிவுகட்டினார்கள். தண்ணீரில் இல்லை, சரி. வந்ததை வந்த கையோடு பாசி தின்றுவிட்டால் தண்ணீரில் எப்படி இருக்கும்? இதை மூன்று கூட்டத்தில் விளக்கினேன். மூன்றிலும் அதே 5 பேர்தான் கேட்டார்கள்.

காரணம் இரண்டு. வெயிலில் தினமும் 6, 7 லிட்டர் ஆவியாகிறது. அதை ஈடுகட்டக் கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். குடிக்க அது நல்ல தண்ணீர்தான், ஆனால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 80க்கு மேல். தண்ணீர் ஆவியாகப் போகும், அதில் கரைந்திருப்பது தொட்டியிலேயே தங்கும். நாள் தவறாமல் ஊற்றினால் நாள் தவறாமல் சேரும். இது என் தவறு என்று சொல்லப்படுகிறது. கரைந்திருப்பதைப் பிடித்துவைக்கும் டி.ஐ. கார்ட்ரிஜ் வாங்கித் தாருங்கள் என்று தை மாதமே எழுதிக் கொடுத்திருந்தேன், அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் உள்ளது.

இரண்டாவது, தீனி. வீட்டுக்கு வருகிற உறுப்பினர் ஒவ்வொருவரும் கோமாளி மீன் வாய் திறப்பதைப் பார்த்ததும் ஒரு சிட்டிகை போட்டார்கள். சந்தாவுக்கு நீளாத கை இதற்கு நீண்டது. டப்பாவை இப்போது பீரோவில் வைத்திருக்கிறேன்.

மருந்து ஊற்றலாம் என்றார்கள். ஊற்றினால் பாசி சாகும். செத்தது அங்கேயே அழுகி, தின்றதையெல்லாம் திருப்பித் தண்ணீரில்தான் கக்கும். நத்தை விடலாம் என்றார்கள். நத்தை குட்டைப் பாசியை மேயும், சடையாய்த் தொங்குவதைத் தொடாது. அப்படியே தின்றாலும் கழிவு எங்கே போகும்? தண்ணீர் மாற்றலாம் என்றார்கள். வாரம் 10 சதவீதம் மாற்றினால் 50 என்பது 45 ஆகும், அடுத்த வாரம் 40.5. உள்ளே புதிதாக ஒரு துளி சேராவிட்டாலும் 10க்குக் கீழே வர 16 வாரம் ஆகும்.

ஆகவே எடுத்தேன். பாறை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் வைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, பாசியைக் கையால் பிடுங்கினேன். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டு விழுந்த இடமெல்லாம் முளைக்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 8 பேர். வந்தவர் ஒருவர், அவரும் ஒரு ஞாயிறு மட்டும்.

டி.ஐ. கார்ட்ரிஜ் என் செலவில் வந்தது, டி.டி.எஸ். 0. உறைந்த இறாலை உருக்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசிப் போடுகிறேன். வடிகட்டும் பையை மூன்று நாளைக்கு ஒருமுறை துவைக்கிறேன். கீழே சம்ப் என்கிற துணைத் தொட்டியில் கீட்டோ பாசி வளர்த்து, இரவு 10 முதல் காலை 6 வரை அதற்கு விளக்கு. மேலே விளக்கு அணைந்திருக்கும்போது கீழே எரிந்தால் ராத்திரியில் பி.எச். அதிகம் இறங்காது. வளர்கிற பாசி நாம் சொல்கிற இடத்தில் வளரட்டும் என்பதுதான் திட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய கொத்து அள்ளி வெளியே எடுக்கிறேன். அதோடு அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீட்டை விட்டே போகிறது.

இடையில் ஒரு சறுக்கல். பாறையே பாஸ்பேட்டைக் குடித்து வைத்திருந்து கசியவிடும் என்பதால், அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள் வாங்கினோம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டியது ஒரே நாளில் முழுப் பாக்கெட்டும் போயிற்று. அன்று நான் வீட்டில் இருந்தேன் என்பது உண்மை. அதற்கு மேல் அந்த விவாதத்தைக் கிளப்ப விரும்பவில்லை. பாஸ்பேட் பூஜ்யம் ஆனது. காளான் பவளமெல்லாம் சுருங்கி, மணலில் குமிழியோடு பழுப்புச் சளி படர்ந்தது. டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர். சத்தே இல்லாத தண்ணீரில், போட்டிக்கு ஆளில்லை என்று வந்து உட்காரும் சனியன். துகளை எடுத்துவிட்டு, வெட்கத்தோடு தீனியைக் கூட்டினேன். ஆறு வாரம் பிடித்தது.

இன்றைய அளவு: நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. முடிப்பாசி பின்மூலையில் ஒரு கைக்குட்டை அளவு இருக்கிறது. அதை விட்டுவைத்திருக்கிறேன்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ரசீது சில பொருளாளரிடமும், சில என் சட்டைப் பையிலும் இருந்தன, சட்டை துவைக்கப்பட்டுவிட்டது. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். கட்டியவர்கள் 13 பேர். “ஜிபேயில் அப்பவே போட்டுட்டேனே” என்பவர்கள் அந்த மெசேஜைக் காட்டினால் மகிழ்வேன்.

தலைவர் அண்ணாச்சிக்கும், தணிக்கை செய்ய ஒப்புக்கொண்டவருக்கும், சொதி வைத்த மதினிக்கும், இரவு பகலாகப் பம்ப் சத்தத்தைச் சகித்துக்கொள்ளும் என் வீட்டாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு நான் பொறுப்பில் இருக்கப்போவதில்லை என்று போன ஆண்டே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஏற்க முன்வருபவர் 450 லிட்டர் தொட்டியையும் சேர்த்து ஏற்க வேண்டும். சித்திரைக்குள் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேண்டும். போன கோடையில் தண்ணீர் 31 டிகிரி போனது. ஃபேன் வைத்து இரண்டு டிகிரி குறைத்தோம், அதனால் ஆவியாவது கூடி இன்னும் அதிகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. 21 பேர் பாக்கியைக் கட்டினால் 25,200 ரூபாய் வரும். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

அள்ளிய கீட்டோ இப்போது ஒரு வாளி நிறைய இருக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்குள் வந்து, இந்த ஆண்டு ரசீதைக் காட்டி ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம். கவர் நீங்களே கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்
பாளையங்கோட்டை