பழைய ஸ்கூட்டரில் பழைய கோயில்களுக்கு: இனி ஏன் ஆறு வண்டி மட்டும்

பழைய ஸ்கூட்டர் பழுது பார்க்கும் நம் கடை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழி நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பயணம் இந்த வருஷம் எப்போது என்று கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிறீர்கள். கட்டாயம் போகிறோம். ஆனால் இனி ஒரு பயணத்துக்கு ஆறு வண்டிக்கு மேல் கிடையாது, கோயில் வாசல் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. இதைக் கேட்டு சிலருக்கு வருத்தம். இருபது சேத்தக் வரிசையாகப் போனால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று கேட்டவர்களும் உண்டு, ஆசைப்பட்டுச் சேர்த்த பணத்தில் வண்டியைப் புதுசாக்கியவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். அதனால் ஒற்றை வரியில் முடியாது என்று சொல்லிவிடாமல் காரணத்தை முழுக்க எழுதிவிடுகிறோம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படித்துவிடுங்கள்.

புதுக்கோட்டையைச் சுற்றி நாம் போகிற இடங்கள் திருவிழாக் கூட்டத்துக்காகக் கட்டிய பெரிய கோயில்கள் கிடையாது. நார்த்தாமலை மேலமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், மலையடிப்பட்டி, குன்றாண்டார்கோயில், கீரனூர் பக்கம் உள்ளே உள்ளே போனால் வருகிற காளியாப்பட்டி, விசலூர் மாதிரியான ஊர்களில் தனியாக நிற்கும் ஒற்றைக் கற்றளிகள், அதாவது கல்லால் ஆன கோயில்கள். பெரும்பாலானவை ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. பல இடங்களில் நாம் போகிற நேரத்தில் ஆடு மேய்க்கிறவரைத் தவிர வேறு ஆள் இருக்காது. தஞ்சாவூர் கோபுரத்தின் முன்னால் ஆயிரம் பேர் நின்றாலும் அதன் பெருமை குறையாது, அது அதற்கென்றே எழுந்த கட்டடம். காளியாப்பட்டிக் கோயில் அப்படியில்லை. அடியிலிருந்து உச்சி வரை கல்லாலேயே கட்டிய, நம் வீட்டுச் சமையலறை அளவுகூட இல்லாத விமானம் (கருவறையும் அதன் மேல் எழும் கோபுரமும்) அது. இருபது வண்டியும் முப்பது நாற்பது பேரும் போய் இறங்கினால் அங்கே கோயிலைப் பார்க்க முடியாது, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துவிட்டு வரலாம்.

நார்த்தாமலையை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஆட்கள் அதிகம் கேட்கிற இடம் அதுதான். ஊருக்குள் முத்துமாரியம்மன் கோயில் எப்போதும் கலகலப்பாக இருக்கும். அதைத் தாண்டி மேலமலை அடிவாரத்துக்குப் போய், வெறும் பாறைச் சரிவில் ஏறி நடந்தால், வழியில் ஒரு சுனை, அப்புறம் சட்டென்று விசயாலய சோழீச்சரம் கண்ணில் படும். மேற்குப் பார்த்த கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை மட்டும் வட்டம், மேலே அடுக்கடுக்காக ஏறிப்போய் உருண்டையான சிகரத்தில் முடியும் விமானம், மேல்தளத்து மூலைகளில் ஆடும் பெண்கள், சுற்றிலும் சின்னச் சின்னத் துணைக்கோயில்கள், அவற்றில் சில சிதைந்து போனவை. கோயிலின் பெயரில் விசயாலய சோழன் இருந்தாலும், இதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் தலைவன் என்று கல்வெட்டே சொல்கிறது. அவன் கட்டிய கோயில் மழையில் சிதைந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைத் திருப்பிக் கட்டியிருக்கிறான். ஒரு பொருளை முதலில் செய்தவன் பெயர் நிற்பது வழக்கம், பழுது பார்த்தவன் பெயரும் கல்லில் நிற்கிறதே, நாள் முழுக்கப் பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுப் பூட்டுகிற எங்களுக்கு அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கோயில் மேல் தனிப் பிரியம்.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள், பாறையையே குடைந்து செய்த கோயில்கள். ஒன்று பழியிலி ஈச்சரம். இன்னொன்று சமணர்குடகு, பெயர் சொல்வதுபோல முதலில் சமணர்களுடையது, பிறகு திருமால் கோயிலானது. அதன் உள்ளே சுவரில் பன்னிரண்டு திருமால்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே நிலையில் வரிசையாக நிற்கிறார்கள். வெளியே முன்மேடையைச் சுற்றி யானையும் யாளியும் ஓடுகிற வரிசையைக் குனிந்து பார்க்க மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் மேலே பார்த்தபடியே கடந்துபோய்விடுகிறார்கள்.

இப்போது சத்தத்துக்கு வருகிறோம். நம் வண்டிகள் டூ ஸ்ட்ரோக். ரோட்டில் அந்த சத்தம் காதுக்கு இனிமை, எங்களுக்கு அதைவிடப் பிடித்த சத்தம் இல்லை. ஆனால் நார்த்தாமலை மாதிரி மரம் அதிகம் இல்லாத வெறும் பாறையில் அந்த சத்தம் மோதித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மேலே ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருக்க, கீழே ஒரு வண்டி ஐடிலில் ஓடினால் போதும், எல்லாம் போச்சு. மயில் பறந்துவிடும், ஆடுகள் மிரண்டு நாலாப் பக்கமும் ஓடும், அவற்றை ஒன்றுசேர்க்க அந்த மனிதர் அரை நாள் அலைய வேண்டும். வழி தெரியாமல் நிற்கும்போது நமக்கு வழி சொல்வதும் அவர்தான். அதனால் அடிவாரத்தில் தார் ரோடு முடிகிற இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு மீதி தூரம் நடை. ஹாரன் வேண்டாம், ட்ரோன் வேண்டாம், போனில் பாட்டும் வேண்டாம்.

பாறை மேல் வண்டி ஏற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஸ்கூட்டரில் எவ்வளவுதான் கேஸ்கெட் மாற்றினாலும் எங்காவது ஒரு சொட்டு ஆயில் கசியும். பாறையில் விழுந்த ஆயில் கறை லேசில் போகாது. வண்டியோடு நின்று போட்டோ எடுக்க வேண்டுமா, ரோட்டோரமாக நிறுத்தி, மலை பின்னணியில் தெரிகிற மாதிரி எடுங்கள். கோயில் மதில் மேலோ பீடத்தின் மேலோ ஹெல்மெட், பை எதையும் வைக்காதீர்கள். கல்வெட்டு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதன் மேல் சாக்பீஸோ மாவோ தேய்ப்பதும், விழுந்து கிடக்கிற சிற்பத்தைத் தூக்கி நிமிர்த்தி வைப்பதும் வேண்டவே வேண்டாம். நல்ல மனதோடு செய்தாலும் கெடுதல்தான். ஒரு கல் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

கொடும்பாளூர் இதற்கு நல்ல உதாரணம். விராலிமலைப் பக்கம், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம்தான் உள்ளே. பூதி விக்கிரமகேசரி என்கிற, கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத் தலைவன் தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரில் ஒவ்வொன்று என்று மூன்று விமானங்கள் எடுத்தான். நடுவில் இருப்பதும் தெற்கே இருப்பதும் முழுசாக நிற்கின்றன, வடக்கே இருந்ததில் அடித்தளம் மட்டும் மிச்சம். இந்த விவரம் நமக்குத் தெரிவதே நடு விமானத்துச் சுவரில் உள்ள கிரந்தக் கல்வெட்டால்தான். மல்லிகார்ஜுனர் என்கிற காளாமுகத் (சைவத்தில் ஒரு பிரிவு) துறவிக்கு மடம் கொடுத்து, 50 துறவிகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்ததும் அதிலேயே இருக்கிறது. சுற்றிலும் தரைமட்டத்தில் வரிசையாகத் தெரிகிற கல் அடித்தளங்கள் எல்லாம் ஒரு காலத்தில் துணைக்கோயில்கள். மேலே ஒன்றுமே இல்லாத அந்த அடித்தளங்களைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள், கோயில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் புரியும். ஆறு வண்டியில் வந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு இப்படி நடக்க இடமும் நேரமும் இருக்கும். கூட்டமாகப் போனால் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள்.

காரில் போனால் இன்னும் வசதி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: வசதிதான். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக ஒரு பிரீமியர் பத்மினி கூடவே வரும், அதை ஆறில் சேர்க்கவில்லை. ஆனால் இந்த ஊர்களுக்கு ஸ்கூட்டரே சரி என்பது எங்கள் உறுதியான எண்ணம். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக அவசியமே இல்லாத குறுகலான ரோடு. தைலமரத் தோப்பு, அதன் நடுவே அய்யனார் கோயில் மண்குதிரைகள், மழைக்குப் பிறகு தளும்புகிற கண்மாய், எல்லாம் முகத்துக்கு நேரே வரும். ஒரு கல்லில் எழுத்து தெரிகிற மாதிரி இருந்தால் உடனே ஓரங்கட்டலாம். கண்மாய்க்கரையோரம் தனியாக நிற்கிற குமிழித் தூண் (தண்ணீர் திறந்துவிடும் பழைய மதகின் கல்தூண்) காரில் போகிறவர் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. அதன் மேலேகூடச் சில இடங்களில் எழுத்து உண்டு.

சரி, வண்டி விஷயம். இதில் நாங்கள் கறாராக இருக்கப்போகிறோம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சேத்தக், லாம்பிரெட்டா, விஜய் சூப்பர், பிரியா எதுவுமே அதை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துவிடும், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் வண்டி நின்றால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருப்பிடிக்கும். போன வருஷம் நன்றாக ஓடிய வண்டிதானே என்று அப்படியே எடுத்து வராதீர்கள். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்ப்பரேட்டர் கேஸ்கெட் மூன்றையும் பார்த்தாக வேண்டும். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கிற வரை ஓடவிடுங்கள், கார்ப்பரேட்டர் காலியாகிவிடும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பு சேத்தக்குக்கு லிட்டருக்கு 20 மில்லி, மற்ற வண்டிகளுக்கு அதனதன் அளவு. நல்லதுக்குத்தானே என்று கூட ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும், புகை பின்னால் வருகிறவர் மேல் போகும். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, நீளமான இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே உருட்டிக்கொண்டு போகாதீர்கள், இந்த எஞ்சினுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான், மூடிவிட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போய்ச் சேராது. அவ்வப்போது கொஞ்சம் திறந்து விடுங்கள்.

சக்கரம் சின்னதுதான், பள்ளத்தைப் பெரிய பைக் மாதிரி தாண்டாது. மெதுவாக, தள்ளித் தள்ளி வாருங்கள். ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் வயர், கியர் வயர், காற்றுள்ள ஸ்டெப்னி, இவ்வளவும் வண்டியில் இருந்தாக வேண்டும். வழியில் நின்றால் நாங்கள் பார்த்துக்கொள்வோம், கூலி கிடையாது, மாற்றுகிற சாமானுக்கு மட்டும் பணம். ஆறு வண்டி என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: ஆறு பழைய வண்டியை இரண்டு மெக்கானிக் கவனிக்க முடியும், இருபதை முடியாது. ஒரு வண்டி நின்று, மற்றவர்கள் எல்லோரும் வெயிலில் காத்து நிற்பது பயணமே இல்லை.

பேப்பர் சரியாக இருக்கட்டும். ஆர்.சி. 15 வருஷம்தான், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட், இதில் எது குறைந்தாலும் அந்த வண்டியைச் சேர்க்க மாட்டோம், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும்.

காலை ஆறரைக்குப் புறப்பாடு. பழைய ஹெட்லைட்டை நம்பி இருட்டில் போக வேண்டாம் என்பதால் அதற்கு முன்னால் கிளம்பவில்லை. பத்தரை, பதினொன்றுக்குள் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் சேர்த்துக் கேட்கிறீர்கள், இரண்டும் அன்னவாசல் வழியில் ஒரு தனி ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கின்றன. மாசியோடு நிறுத்திக்கொள்வோம். பங்குனியில் வெயிலும் ஏறிவிடும், நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாக் கூட்டமும் இருக்கும், அப்போது அந்த ரோட்டில் பக்தர்களுக்குத்தான் முதலிடம்.

பயணத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் பெட்ரோல், உங்கள் டிபன். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். சாப்பாடு வரும் வழியில் ஊர்க்கடைகளில்தான், அந்த ஊர்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு டீகூட அங்கே குடிக்காமல் திரும்புவது சரியில்லை என்று நினைக்கிறோம்.

ஆறு வண்டிக்கு மேல் பெயர் வந்தால் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று போட்டுக்கொண்டே போவோம், யாரையும் விட்டுவிட மாட்டோம். போன பருவத்தில் வர முடியாமல் போனவர்களுக்கு முதல் இரண்டு வாரம். பெயர் கொடுத்தவர்கள் அந்த வார வியாழக்கிழமைக்குள் வண்டியைக் கடையில் விட்டுவிடுங்கள், வெள்ளி சனி இரண்டு நாளில் பார்த்து முடித்து சனிக்கிழமை சாயங்காலம் கையில் தந்துவிடுகிறோம். டேங்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் அதை நாங்களே இறக்கிவிடுவோம், நிரப்பிக்கொண்டு வர வேண்டாம்.

அன்புடன்,
கடையிலிருந்து எல்லோரும்
புதுக்கோட்டை