நம்ம அப்பார்ட்மெண்ட் கமிட்டிக்கு, ஏழாவது மாடியிலேர்ந்து

கமிட்டி சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

இன்னிக்கு 2020 ஜூலை 12, ஞாயித்துக்கிழமை, முழு ஊரடங்கு, பாலும் மருந்தும் தவிர ஒண்ணும் கிடையாது, அதனாலதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சிருக்கு. குரூப்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல நாலு குட்மார்னிங் பூவும் ஒரு கபசுரக் குடிநீர் ஃபார்வர்டும் வந்து மேல தள்ளிடும், அதான் பேப்பர்ல எழுதி லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிடறேன்.

விஷயம் போன வாரம் வந்த சர்க்குலர். வீட்டு வேலைக்கு வர்றவங்க இனிமே வரலாமாம், ஆனா கொரோனா நெகட்டிவ் சர்டிபிகேட் காட்டணுமாம், லிஃப்ட்ல ஏறக்கூடாது படியேறித்தான் வரணுமாம், அதுலயும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கத்து ஆளுங்க மட்டும் "மறு அறிவிப்பு வரை" வேண்டாமாம். நம்ம சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல அந்த ரெண்டு ஊரையும் கழிச்சுட்டா அப்புறம் யாருதான் சார் வேலைக்கு வருவாங்க, நீங்களே சொல்லுங்க.

சர்டிபிகேட் கணக்கப் பாப்போம். தனியார் லேப்ல டெஸ்டுக்கு கவர்மெண்ட் ஃபிக்ஸ் பண்ணின ரேட்டே 3,000 ரூபா. எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு நான் மாசம் குடுக்கறது 2,500. அவங்க ஒரு மாசம் எங்க பாத்திரம் பூரா கழுவி, மேல இன்னும் 500 கைக்காசு போட்டாத்தான் எங்க பாத்திரத்தக் கழுவ பர்மிஷன் கெடைக்கும். சரி, காசு நாமளே குடுத்துடலாம்னே வைங்க, இன்னிக்கு மூக்குல குச்சி விட்டு எடுத்தா அது இன்னிக்கு கதைதான, நாளைக்கு காய் வாங்கப் போற எடத்துல ஒட்டிக்கிட்டா அந்தப் பேப்பர வச்சு என்ன பண்றது? கார்ப்பரேஷன் ஃபீவர் கேம்ப்புக்குப் போனா ஜுரம் இருமல் இருக்கான்னு கேப்பாங்க, ஏழாவது மாடில பாத்திரம் தேய்க்கணும்னு சொன்னா எடுக்கவா போறாங்க.

இன்னொண்ணு, இது யாரையும் குத்திக் காட்ட இல்ல, சத்தியமா. மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு 144 போட்டாங்க, அன்னிக்கு காலைலதான் அக்கா கடைசியா வந்தது. அதுக்கப்புறம் வேலைக்கு வர்றவங்க ஒருத்தர் கூட நம்ம கேட்டுக்குள்ள கால் வைக்கல. ஜூன் நடுவுல நம்ம பிளாக்ல ரெண்டு வீட்டுக்கு கொரோனா வந்து, கதவுல ஸ்டிக்கர் ஒட்டி, வாசல்ல தகரம் அடிச்சாங்களே, அது எப்படி வந்துச்சு? மே 25ல ஃப்ளைட் விட்ட உடனே எத்தனை பேர் வந்து எறங்கினோம், அதுக்கு முன்னாடி ஏப்ரல் 25, மறுநாள்லேர்ந்து நாலு நாள் கடையே கெடையாதுன்னதும் கீழ சூப்பர் மார்க்கெட்ல நாம நின்ன நிலைமை என்ன. நானும்தான் நின்னேன், ரெண்டு மணி நேரம், முன்னாடி நின்னவர் கழுத்து வேர்வை வாசனை வரைக்கும் தெரிஞ்சுது, கடைசில கெடச்சது ரெண்டு பாக்கெட் சேமியாவும் ஒரு இஞ்சி பூண்டு பேஸ்டும். அப்ப நம்மள யாரும் படியேறி வரச் சொல்லல.

இந்த வருஷ ஆரம்பத்துல கண்ணகி நகர் சுவத்துல பெருசு பெருசா ஓவியம் வரைஞ்சாங்களே, ஞாபகம் இருக்கா? நம்ம ஆளுங்க ஒரு கூட்டம் கார் எடுத்துட்டுப் போய் அந்த சுவர் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து குரூப்ல போட்டு ஹார்ட்டா குவிச்சோம். சிட்டிக்கு நடுவுல குடிசைல இருந்தவங்களக் காலி பண்ணி, இருபது வருஷமா இங்க கொண்டாந்து அடுக்கி வச்சிருக்காங்க, சுவரு நல்லா இருக்குன்னு பாக்கப் போன நமக்கு இப்ப ஆளு மட்டும் ஆகல.

ரொம்ப யோக்கியமா பேசறேன்னு நெனைக்காதீங்க. "வராத மாசத்துக்கு சம்பளம் குடுக்காதீங்க, மத்தவங்களுக்கு ரேட் கெட்டுடும்"னு ஏப்ரல்ல கமிட்டிலேர்ந்து ஒரு மெசேஜ் வந்துச்சே, அதப் படிச்சுட்டு ரொம்ப கோவப்பட்டேன். ஏப்ரல் சம்பளத்த முழுசா அக்கா பையன் நம்பருக்கு அனுப்பினேன். மே மாசம் எங்க ஆஃபீஸ்ல எனக்கே கட் பண்ணாங்க, பாதி அனுப்பினேன். ஜூன்ல அவங்க கேக்கலயேன்னு விட்டுட்டேன். ஆக மொத்தம் அந்த மெசேஜ்படிதான் நானும் நடந்திருக்கேன், கோவத்தோட நடந்தேன், அவ்ளோதான் வித்தியாசம்.

நேத்து நானா போன் பண்ணினேன். ரேஷன்ல குடுத்த 1,000 ரூபாயும் அரிசி பருப்பும் ஏப்ரல ஓட்டிடுச்சாம், வீட்டுக்காரர் பெயிண்டர், அவருக்கும் வேலை இல்ல, வேலை செஞ்ச அஞ்சு வீட்டுல மூணு வீடு போனையே எடுக்கலயாம். இதெல்லாம் நான் கேட்டு கேட்டுத்தான் வந்துச்சு. அவங்களா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "குக்கர் அடி புடிச்சா ராவே தண்ணி ஊத்தி வைக்கிறியா இல்ல காயவுட்டுட்டு சொரண்டினு இருக்கியா?" நான் சொரண்டிட்டுத்தான் இருக்கேன். நாலு மாசமா சபீனாவும் கையுமா, வலது கை கட்டை விரல் ஓரத்துல தோல் வெடிச்சு, உப்புல கை வச்சா சுரீர்ங்குது. நைட்டு பதினொண்ணரைக்கு யூஎஸ் கால் முடிச்சுட்டு வந்து சிங்க்கப் பாத்தா, மூணு பேர் இருக்கற வீட்டுல எப்படி பதினேழு டம்ளர் விழுதுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. இது ஒரு வீடு, அக்கா அஞ்சு வீட்டுல செஞ்சாங்க. அவங்க வெரல நான் ஒரு நாள் கூட பாத்ததில்ல.

பயம் இல்லன்னு சொல்லல, எங்க மாமியாருக்கு 71 வயசு, சுகர் வேற. அதனால செய்யறதச் செய்வோம், ஜுரம் பாக்கற மிஷின வைங்க, மாஸ்க் கட்டாயம்னு போடுங்க, கேட்ல சோப்பும் தண்ணியும் வைங்க, ஆனா எல்லாருக்கும் வைங்க, காலைல மாஸ்க்க தாடைல மாட்டிக்கிட்டு வாக்கிங் போற நம்ம சார்மாருக்கும் சேத்து. சர்டிபிகேட்டு, படிக்கட்டு, ஊர் பேரு, இந்த மூணையும் சர்க்குலர்லேர்ந்து எடுங்க. ஏழு மாடி ஏறி எறங்கி அப்புறம் வேலையும் செய்யறதுக்கு அக்காவுக்கு என்ன இருபது வயசா, அதுவும் பஸ் ஓடாததால கண்ணகி நகர்லேர்ந்து நடந்தே வேற வரணும்.

நாளைக்கு காலைல ஏழரைக்கு அவங்கள வரச் சொல்லியிருக்கேன். ஜூன் சம்பளமும் மே பாக்கியும் கவர்ல போட்டு வச்சாச்சு. நானே கீழ எறங்கி வந்து கேட்ல நிப்பேன், என்கூட லிஃப்ட்லதான் வருவாங்க. ஏதாவது சொல்லணும்னா அந்த நேரத்துக்கு நீங்களே வந்து என்கிட்ட சொல்லுங்க. செக்யூரிட்டி அண்ணன நடுவுல மாட்டி விடாதீங்க, பாவம், அவரும் அதே பக்கத்துலேர்ந்துதான் வர்றாரு.

இப்படிக்கு,
ஏழாவது மாடி, மெயின்டனன்ஸ் பாக்கி இல்லாத வீடு