கடன் வாங்காத கழித்தல்

திருநெல்வேலி
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி உனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, துணைக்கு ஆள் கிடைத்த ஆறுதல்தான். இவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் என் கையில் தருகிறார்.

பேரனுக்குக் கணக்கு வரவில்லை, வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வாங்காதே. நான் வாங்கி ஏமாந்தவள். பேத்தி இங்கே வந்து தங்கிய புதிதில் பல வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன். அவள் அதில் மாடி வீடு கட்டினாள், பொம்மைக்குக் கட்டில் செய்தாள். கணக்கு மட்டும் வரவில்லை.

மூன்றாம் வகுப்பு. 52-இல் 27 போனால் மீதி எவ்வளவு என்றால் 35 என்று எழுதுவாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதை எடுக்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் சட்டம். நாம் படித்த பாட்டையே நானும் பாடினேன்: "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு." உன்னிப்பாகக் கேட்டாள். பிறகு, "சரி ஆச்சி, அதை எப்போது திருப்பித் தருவோம்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அரை நூற்றாண்டாகக் கடன் வாங்கியே கழித்திருக்கிறேன், ஒரு முறையாவது திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.

அன்று சாயங்காலமே பழைய விளக்குமாறு ஒன்றைப் பிரித்து ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கினேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுவது அவள் வேலை. ஐந்து கட்டு, இரண்டு உதிரி, அதுதான் 52. முதல் நாள் அவசரத்தில் கட்டை நானே பிரித்துக் காட்டிவிட்டேன். நன்றாகத் தலையாட்டினாள். மறுநாள் நோட்டில் மறுபடியும் 35. பிரித்தது என் கை, கணக்கு எப்படி அவளுக்கு வரும்? அதன் பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று உனக்கே தெரியும்.

"எனக்கு 27 கொடு" என்றேன். முதலில் இரண்டு கட்டைத் தந்தாள். பள்ளியில் ஒன்றாம் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். கையில் குச்சி இருந்தால் குழந்தை கட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. விடை ஒன்றுதான், விட்டுவிட்டேன். பிறகு இரண்டு உதிரி. இன்னும் ஐந்து வேண்டும். மீதிக் கட்டுகளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மெதுவாக ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் வளையலாக மாட்டிக்கொண்டு எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தது! "ஆச்சி, இது பத்து இல்லை" என்று ஓடிப்போய் இன்னொரு குச்சி எடுத்து வந்து சேர்த்தாள். அப்புறம்தான் எனக்கு ஐந்து. மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இது கடன் இல்லை ஆச்சி, கடையில் சில்லறை மாற்றுவது மாதிரி" என்றாள். இனிமேல் நானும் சில்லறை என்றே சொல்வதாக இருக்கிறேன்.

குழந்தைக் கல்விக்குப் புது முறை வகுத்த மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அவர் முறையில் பொன்னிற மணிகள் உண்டு. ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த சரம், நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். பார்க்கவே அழகு. ஆனால் அந்தப் பத்தைப் பிரிக்க முடியாது, கொடுத்துவிட்டுப் பத்து ஒற்றை மணி வாங்கிக்கொள்ள வேண்டும். என் புத்திக்கு எட்டியவரை, முதலில் பிரிகிற கட்டு, பிறகுதான் பிரியாத சரம்.

இன்னொரு வேடிக்கை. தொண்ணூற்றாறு எடுத்து வை என்றால் நூறு கட்டிய பெரிய கட்டைத் தூக்கி வைத்து ஆறு உதிரியைச் சேர்ப்பாள். தப்பு அவளுடையதா? எண்பது வரை ஒழுங்காக வந்த தமிழ், தொண்ணூறில் நூறை நுழைத்துவிட்டதே! ஒன்பது கட்டை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் பெரிய கட்டை வைத்து, எது தொண்ணூறு என்று பத்துத் தடவை கேட்ட பிறகுதான் தெளிந்தது.

பேரன் நான்காம் வகுப்பு என்பதால் பின்னம் வந்திருக்கும். பரணில் அம்மாவின் படியும் ஆழாக்கும் இருந்தால் இறக்கு. கால் பங்கை விட அரைக்கால் பங்கு பெரியது என்று அவன் சொன்னால் மறுக்காதே, அரிசியை அளக்கச் சொல். ஒரு படிக்கு உழக்கு நான்கு, ஆழாக்கு எட்டு; அதாவது உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. காலில் அரை அரைக்கால் என்று பெயரிலேயே கணக்கு இருக்கிறது. சிந்திய அரிசியைப் பொறுக்கும் வேலையும் அவனுடையதே.

ஒரு மாதமாக இவள் ஈர்க்கு டப்பாவைத் திறக்கவில்லை. நோட்டில் கட்டுக்குக் கோடும் உதிரிக்குப் புள்ளியும் போட்டாள், இப்போது அதுவும் இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

நம் பல்லாங்குழிப் பலகை உன்னிடம்தானே இருக்கிறது? பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவா. பதினான்கு குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை பொறுக்கிக் கழுவி வைத்துவிட்டேன். நான்கு சேர்ந்தால் பசு என்று அள்ளுவோமே, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் நான்கு என்று சொல்ல இவளும் பழகட்டும். நீ மூன்றைப் பசு என்று அள்ளிக்கொண்டு சாதித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை அவளிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி