கண்மாய்க்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், சித்தப்பா, மாமா, மதினி முறையுள்ள அத்தனை பேருக்கும், இளவட்டங்களுக்கும் வணக்கம்.

இந்த வருஷ மீன்பிடித் திருவிழாவுக்கு என் பிள்ளைகள் இருவரையும் கூட்டி வந்திருந்தேன். கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மீனைக் கடையில் துண்டு போட்ட பிறகு பார்த்ததுதான். சிங்கம்புணரிப் பக்கம் இருக்கும் அம்மாச்சி ஊரில் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கி, கையால் மீன் பிடித்தார்கள். அன்று ஆளுக்கொரு பக்கம் சேறும் சகதியுமாக நின்றதில் யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை.

முதலில், கண்மாயை ஏலத்துக்கு விடாமல் வைத்திருப்பவர்களுக்கு. மீன் பிடிக்கும் உரிமையை மீன்பாசிக் குத்தகையாக விட்டால் ஊருக்குப் பணம் வரும். எத்தனையோ கண்மாய்கள் அப்படித்தான் போகின்றன. அதன் பிறகு அங்கே சின்னப் பிள்ளை ஒரு தூண்டில் போடுவதற்கும் குத்தகைக்காரரைக் கேட்க வேண்டும். நீங்கள் பொதுப் பணத்தில் மீன்குஞ்சு வாங்கிக் கண்மாயில் விட்டு, அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும்வரை ஒருவரும் வலை போடாமல் காத்து, கடைசியில் வெளியூர்க்காரர்களையும் இறங்க விடுகிறீர்கள். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் விடவில்லை. என் பிள்ளைகள் கைக்கு மீன் வந்தது என்றால், அத்தனை மாதம் நீங்கள் எல்லோரும் பொறுத்திருந்ததால் வந்தது.

அப்புறம், எல்லோரும் இறங்கலாம் என்று வெள்ளைத் துண்டை வீசுவதற்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, "மடைப்பக்கம் ஆழம், புள்ளைகள உள்வாய்ப் பக்கம் எறக்குங்கப்பா" என்று சொன்ன பெரியவருக்கு. மண் அள்ளிய பள்ளத்தைச் சுற்றிக் கைகோத்து நின்ற இளவட்டங்களுக்கும். கரையில் எல்லோரும் ஓடி இறங்கும்போது அவர்கள் மீன் பிடிக்கப் போகாமல் அங்கேயே நின்றார்கள். வருஷத்தில் ஒரு நாள் வரும் திருவிழாவில் அப்படி நிற்பது பெரிய விஷயம்.

ஊத்தா கொடுத்த சித்தப்பாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அந்த மூங்கில் கூடு என் மகளின் நெஞ்சு உயரம். அகன்ற வாய் கீழே இருக்கும்படி சேற்றில் அழுத்த வேண்டும், உள்ளே மீன் அகப்பட்டால் முட்டும், அந்த முட்டு கைக்குத் தெரிந்த பிறகு மேல் வாய் வழியாகக் கையை விட வேண்டும். இதை அவர் வாயால் விளக்கவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்துச் சும்மா அழுத்தி அழுத்திக் காட்டினார். ரொம்ப நேரம் வெறும் ஊத்தாதான். சுற்றிலும் விராலும் கட்லாவுமாகப் பிடிக்கிறார்கள், அவள் முகம் சுருங்குகிறது. அவர் கையில் வலை இருந்தது, ஒரு வீச்சில் நாலைந்து மீன் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "முட்டுது தாத்தா!" என்று அவள் கத்தியபோதும் தன் கையை உள்ளே விடவில்லை. "தலைப்பக்கம் புடி, அப்படியே பின்னால தடவு, முள்ளு படிஞ்சிரும்" என்றார். ஜிலேபி மீன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதை அவளே எடுத்தாள்.

மகனுக்குக் கெளுத்தி முள் குத்திவிட்டது. கடுப்பு தாங்காமல் அழுதவனை மதினி வீட்டுக்குக் கூட்டிப்போய், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து விரலை முக்கவைத்து, வலி அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடங்கியதும் அவன் திரும்ப இறங்க வேண்டும் என்றான். மதினியும் தடுக்கவில்லை. அதற்காகவும் நன்றி.

எங்கள் பையில் இருந்தது குழம்புக்குப் பத்தாது என்று பார்த்து, இரண்டு கெண்டையைப் போட்டுவிட்டுப் போன அக்கா, நீங்கள் யார் என்று கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். சாம்பல் தேய்த்து, கல்லில் உரசி மீன் கழுவ என் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்த எதிர்வீட்டு அப்பத்தாவுக்கும் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். மழை பெய்து கண்மாய் பெருகி, அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு வரி பிரிக்கும்போது எங்கள் வீட்டையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் வாங்குவதில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்