பிடித்து அமுக்கி முடி வெட்ட வேண்டாம்: முடிதிருத்தும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

முடிதிருத்தும் தொழிலாளர் சங்கங்களின் மாவட்ட, நகர நிர்வாகிகளுக்கும், தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்டுக் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும், பார்லர் வைத்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா. பேச்சு, பழக்கம், புலன்கள் எல்லாம் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிற ஒரு மூளை வளர்ச்சி நிலை அது. அவனுக்கு இப்போது மீசை அரும்புகிற வயது. ஊசிக்குக்கூடக் கையை நீட்டிவிடுவான். சலூன் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் பல வருடம் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தான். என்னைப் போன்ற அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கும் முடிவெட்டுக்கும் வந்து சேரும். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்க அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. முடிவெட்டைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளைப் பிடித்து அமுக்கி வைத்து முடி வெட்டுகிற வழக்கத்தை உங்கள் சங்கங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடப்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்பா காலைப் பிடிப்பார், மாமா இரண்டு கையையும் பிடிப்பார், கடையில் உதவிக்கு நிற்கிற பையன் தலையை அழுத்திப் பிடிப்பான். குழந்தை மூச்சுத் திணறக் கத்தும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். "நாங்க பிடிச்சுக்கிறோம் அண்ணே, சீக்கிரம் முடிச்சிருங்க" என்று கேட்பதே பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். உங்களுக்கும் பின்னால் ஆள் காத்திருக்கிறது. அதனால் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் கடையோடு முடிவதில்லை. அடுத்த மாதம் கடை இருக்கிற தெருவில் வண்டி திரும்பும்போதே அழுகை தொடங்கும். அதற்கடுத்த மாதம் வீட்டில் சீப்பை எடுத்தாலே ஓட்டம். அப்புறம் பிள்ளை வளர்ந்துவிடுகிறான். பதினாறு வயதில் எத்தனை பேர் சேர்ந்து பிடிப்பார்கள்? பிடிக்க முடியாமல் போகிற அன்றைக்குக் கடைக்கு வருவதே நின்றுவிடும். பிறகு ராத்திரி அவன் தூங்கும்போது, செல்போன் வெளிச்சத்தில், எந்தப் பக்கம் புரண்டு படுத்திருக்கிறானோ அந்தப் பக்கத்தை மட்டும் அம்மா வெட்டுவாள். தூக்கத்தில் திடீரென்று தலை திரும்பினால் கத்தரி எங்கே படும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி முடிவெட்டு நடக்கிற வீடுகள் உங்கள் கடையைச் சுற்றியும் இருக்கும்.

இதை அடம் என்றுதான் ஊர் சொல்கிறது. "வெட்டுற முடிக்கு வலிக்கவா போகுது?" என்பார்கள். வெட்டுப்படுகிற முடிக்கு வலிக்காது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முடியின் வேரையும் சுற்றி நரம்பு நுனிகள் இருக்கின்றன. முடி லேசாக அசைந்தாலே அவை மூளைக்குச் சேதி அனுப்பும். போட்டிருக்கிற சட்டை உடம்பில் உரசுவதை நாம் நாள் முழுக்க உணர்வதில்லையே, அதுபோல நம் மூளை அந்தச் சேதியைக் கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஒதுக்கல் எளிதில் நடப்பதில்லை. முதல் வெட்டு எவ்வளவு உறைத்ததோ அவ்வளவே ஐம்பதாவது வெட்டும் உறைக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், ஒலி, தொடுதல், மணம், வெளிச்சம் இவற்றுக்கு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் கடையை அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து ஒருமுறை பாருங்கள். சின்னப் பையன் என்று நாற்காலியின் கைகள் மேல் பலகையைப் போட்டு உட்கார வைக்கிறீர்கள். கால் அந்தரத்தில் தொங்குகிறது. நாற்காலியைப் பம்ப் அடித்து உயர்த்தும்போது விழப்போகிறோம் என்று உடம்பு நினைக்கிறது. துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டதும் தன் கை தனக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. டிவியில் பாட்டு. முன்னாலும் பின்னாலும் கண்ணாடி, அதற்குள் எண்ண முடியாத நாற்காலிகள். பக்கத்து நாற்காலியில் ஹேர் டை வாசனை. இத்தனைக்கும் நடுவில் மெஷின் 'உர்ர்' என்று கிளம்புகிறது.

மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அது படும்போது, சத்தம் காற்று வழியாக மட்டும் போகவில்லை. எலும்பு வழியாகவும் நேரே உள்காதுக்குப் போகிறது. அதனால்தான் காதைப் பொத்தினாலும், ஹெட்ஃபோன் மாட்டினாலும் சில பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் துள்ளுவார்கள். காதைச் சுற்றியும் பிடரியிலும் கத்தரியும் சீப்பும் மட்டும் வைத்து வேலை பார்த்தால் பாதிப் போராட்டம் குறைந்துவிடும். உங்களில் மூத்தவர்கள் மெஷின் வருவதற்கு முன்னால் அப்படித்தானே வெட்டினார்கள்?

தொடுகிற விதமும் அப்படித்தான். பாவம், சின்னப் பிள்ளை என்று மெதுவாக, பட்டும் படாமலும் தொடுவீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் பலருக்கு அந்த லேசான, எங்கே படும் என்று தெரியாத தொடுதல்தான் தாங்க முடியாதது. உள்ளங்கையை முழுதாகத் தலையில் வைத்து, நிதானமாக அழுத்தி, அங்கிருந்து கையை எடுக்காமல் வேலையைத் தொடங்கினால் உடம்பு அடங்குகிறது. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு ஆட்டிசம் உண்டு. மாடுகளை அசையாமல் நிறுத்த இரண்டு பக்கமும் பலகை அழுத்துகிற அமைப்பைப் பார்த்துவிட்டு, இளம் வயதிலேயே தனக்கென்று அப்படி ஒரு சாதனம் செய்துகொண்டார். அதற்குள் இருந்தால் அவருக்குப் பதற்றம் அடங்கியது. அப்படியானால் பிடித்து அமுக்குவதும் நல்லதுதானே என்று கேட்கலாம். கிராண்டினின் சாதனத்தில் எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. சலூன் நாற்காலியில் எங்கள் பிள்ளைக்கு அது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே எல்லாமும்.

எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பையனுக்குக் கத்தரிச் சத்தம் பிரச்சினையே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழந்தைக்கு நேர் எதிர்: மெஷினின் அதிர்வு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், கத்தரியின் 'நறுக்' காதில் விழுந்தால் போதும், எழுந்து ஓடிவிடுவாள். இன்னொரு பையனுக்கு வெட்டுவதெல்லாம் சரி, வெட்டிய துணுக்கு கழுத்தில் ஒட்டக் கூடாது. ஆகவே உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: "இவனுக்கு எது பிடிக்காது?"

எங்கள் பகுதியில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒருவர் என் பையனைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார். அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டிவரச் சொன்னார். முதல் தடவை வெட்டவே இல்லை. டிவியை அணைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கடையைப் பார்க்க விட்டார். அடுத்த தடவை ஓடாத மெஷினை அவன் கையிலேயே கொடுத்தார். பிறகு அதைத் தன் முழங்கையில் வைத்து ஓட்டிக் காட்டினார், அப்புறம் அவன் கையில். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினார். கடைத் துணிக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய சட்டை. தண்ணீர் அடிக்காமல் சீப்பை மட்டும் நனைத்துக்கொண்டார். வெட்டத் தொடங்கியபோது, "பத்து எண்ணுவேன், நிறுத்திருவேன்" என்றார். பத்து வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அந்த 'பத்து' உண்மையான பத்தாக இருந்ததுதான் என் பையனை மாற்றியது. ஆசைக்குப் பதினொன்றாவதாக ஒரு வெட்டு வெட்டியிருந்தால் அதன் பிறகு எண்ணுவதற்கே அர்த்தம் இருந்திருக்காது. ஒரு பக்கம் முடித்ததும் அவன் கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினான். "சரி, மிச்சம் நாளைக்கு" என்று அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அப்படியே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். மறுநாள் அவனாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

பாதி வெட்டிய தலையோடு ஒருவரைக் கடையை விட்டு அனுப்ப உங்கள் கைக்கு மனம் வராது என்பது தெரியும். அது தொழில் கௌரவம். எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தக் கௌரவத்தை வேறு இடத்தில் வையுங்கள் என்று கேட்கிறேன். அழாமல் வந்து அழாமல் போன தலை எப்படி இருந்தாலும் அது நல்ல வேலை. பாதுகாப்புக்கும் இதுவே சரி. அசைகிற பிள்ளைக்கு முனை மழுங்கிய கத்தரி போதும், தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் உங்கள் விரல் இருக்கட்டும். கிருதாவை நேராக்கவென்று பிளேடைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

வேல்ஸில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற முடிதிருத்துநர் 2015இல் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனோடு கடைத் தரையில் படுத்தபடியே முடி வெட்டிய படம் உலகம் முழுக்கப் பரவியது. சிறுவன் நாற்காலிக்கு வர மறுத்தான், அவர் தரைக்குப் போனார். விலை கொடுத்து வாங்க வேண்டிய சாதனம் எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

நேரம்தான் வேண்டும். நேரம் உங்களுக்குக் காசு என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் வந்து நின்றால் உங்கள் வாரத்து வருமானத்தில் கை வைப்பதாகிவிடும். அதைக் கேட்கவில்லை. நம் ஊரில் செவ்வாய் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் முடிவெட்ட ஆகாது என்று பலர் வருவதில்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் முடியில் கையே வைக்க மாட்டார்கள். கூட்டம் குறைந்த அந்த நாட்களின் மத்தியான ஒரு மணி நேரம் எங்களுக்குப் போதும். முதல் தடவை வெறுமனே வந்து பார்த்துப் போகவும் அதுவே தோதான நேரம். இரண்டு பேருடைய நேரத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் இரண்டு பேருடைய கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்கிற பெற்றோரை நான் ஆதரிக்க மாட்டேன். தருமத்துக்குச் செய்கிற வேலை நாலு மாதத்தில் நின்றுபோகும்.

பார்லர் நடத்தும் அக்காமார்களுக்கும் இது பொருந்தும். பெண் பிள்ளைகள் என்றால் சிக்கெடுப்பதே பெரிய வேதனை. தாங்க முடியாமல் பல வீடுகளில் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நீள முடி பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. நுனியிலிருந்து தொடங்கி, வேர்ப்பக்கம் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சீவினால் வேர் இழுபடாது. வளர்ந்த பையன்களுக்கு ஷேவிங் இருக்கிறது. முப்பது வயது ஆட்டிசம்காரரும் உங்கள் கடைக்கு வருவார். அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாமல், செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

கோயில்களில் முடி இறக்கும் மண்டபங்களில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பழனி, சமயபுரம், திருத்தணி எங்கே போனாலும் மேளம், மணி, கூட்டம், தலையில் குளிர்ந்த தண்ணீர், அதற்கு மேல் பிளேடு. 2021 செப்டம்பரில் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல காரியம். அந்த மண்டபத்தில் ஓர் ஓரத்தை, கூட்டம் இல்லாத மூலையை, இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் இன்னும் நல்லது. முடியவே முடியாத பிள்ளைக்குப் பூமுடி கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் சொல்லுங்கள். மூன்று இணுக்கு முடியைப் பெண்கள் காணிக்கையாகக் கொடுக்கிறார்களே, சாமி ஏற்றுக்கொள்கிறதே? நாங்கள் சொன்னால் தாத்தா பாட்டி கேட்க மாட்டார்கள். கத்தியைக் கையில் வைத்திருக்கிற நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சட்டம் பேசி உங்கள் கடைக்கு வர எனக்கு விருப்பம் இல்லை. சங்கமாக நீங்களே எடுக்கிற முடிவுக்குத்தான் கடைகளில் மதிப்பு.

சங்க நிர்வாகிகளிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு நகரத்திலும் இதற்குச் சம்மதிக்கிற கடைகள் எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். நாலு கடை தேறினாலும் போதும், அந்தக் கடைகளின் பெயரைப் பக்கத்துச் சிறப்புப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். புதிதாகத் தொழில் பழகும் பையன்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லிக்கொடுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மற்ற ஊர்களில் சிறப்பு ஆசிரியர்களும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

பெற்றோர் பக்கத்து வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வருவதற்கு முந்தின நாளே கடையின் படத்தைப் பிள்ளைக்குக் காட்டி, என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லி அழைத்து வருவோம். மாற்றுச் சட்டையும் அவனுக்குப் பிடித்த பொருளும் கையில் இருக்கும். எது ஆகாது என்பதை ஒரு தாளில் எழுதித் தருவோம். "பிடிச்சுக்கிறோம் அண்ணே" என்று சொல்ல மாட்டோம்.

உங்கள் அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேதியை மட்டும் பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் சொல்லிவிடுங்கள். நாங்கள் நாலைந்து அம்மாக்கள் வருகிறோம். மெஷினுக்குப் பயப்படுகிற பிள்ளைகளில் வர விரும்புகிறவர்களும் வருவார்கள், கூட்டம் முடிந்து மைக் அணைத்த பிறகு.

அன்புடன்,
முடிவெட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பையனின் அம்மா