குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பற்றித் துணைச் செயலாளர் வாசிப்பார். வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். என் அறிக்கை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையைப் பற்றியது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு காகிதம் வாங்குவது எப்படி என்பதுதான் அங்கே ஆண்டு முழுக்கக் கேட்ட கேள்வி.

முதலில், எதற்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) தேவையில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(2) பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சட்டத்திலும் 154(2) இதையே சொன்னது. பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாத வழக்குகள் அங்கே இருக்காது. தேடி வரவில்லை என்றால் உடனே ஒளிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருந்தாலும் வராது. விபத்து வழக்குக்கான பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் போன்றவற்றுக்கும் அதே தளத்தில் கட்டணம் கட்டி நகல் எடுக்கும் வசதி உண்டு. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய்விட்டால் நகல் மனு போட வேண்டிய இடம் கோர்ட்தான். குற்றப்பத்திரிகைகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அதை வலைத்தளத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆர்.டி.ஐ. உண்மையில் உதவுவது சி.எஸ்.ஆர். விஷயத்தில், அதாவது எஃப்.ஐ.ஆர். போடாமல் புகாரைப் பதிந்து தரும் ரசீது விஷயத்தில். புகார் கொடுத்தோம், ரசீது வாங்கினோம், சில மாதம் கழித்துக் கேட்டால் "அது சிவில் மேட்டர், முடிச்சாச்சு" என்கிறார்கள். என்ன விசாரித்தார்கள், யாரிடம் எழுதி வாங்கினார்கள், எந்தத் தேதியில் முடித்தார்கள் என்பதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது. அதைக் கேட்பதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். மேசைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் இப்படி இருக்கின்றன:

"என் புகார் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? இதற்கு யார் பொறுப்பு?"

இதற்கு "தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி சரிதான். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். காரணம் கேட்டால் அவர்கள் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. அதே மனுவை மேசையில் இப்படி மாற்றி எழுதித் தருகிறோம்:

"இன்ன நிலையத்தில் இன்ன தேதியில் வழங்கப்பட்ட இன்ன எண் சி.எஸ்.ஆர். தொடர்பாக: (1) சி.எஸ்.ஆர். பதிவேட்டில் அந்தப் பதிவு உள்ள பக்கத்தின் நகல். (2) விசாரணை அதிகாரியின் அறிக்கை நகல். (3) இரு தரப்பிலும் பெறப்பட்ட வாக்குமூலங்களின் நகல். (4) மனுவை முடித்த உத்தரவின் நகல். ஏதேனும் ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டால், பிரிவு 10இன்படி அதை மட்டும் மறைத்து மற்றதைத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எதிர்த் தரப்பு வாக்குமூலம் ஒன்றைக் காட்டி முழுக் கோப்பையும் மறுப்பதற்கு அதுதான் தடை. வாக்குமூலம் கொடுத்தவருக்குப் பிரிவு 11இன் கீழ் நோட்டீஸ் போகும். அவருக்குப் பதில் சொல்ல 10 நாள் உண்டு. அப்போது 30 நாளுக்குப் பதில் 40 நாள் பொறுக்க வேண்டும்.

மனுவை ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் இன்ஸ்பெக்டராகத்தான் இருப்பார் என்று நினைத்து அவர் பெயருக்கே அனுப்புகிறார்கள். அந்தப் பொறுப்பில் யார் என்பதைக் காவல்துறை வெளியிட்டிருக்கும் பட்டியலில் பார்த்து, அந்த முகவரிக்கு அனுப்புங்கள். ரூ.10க்கு கோர்ட் ஃபீ வில்லை ஒட்டினால் போதும். பசை போட்டு ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் அடித்த வில்லை கிழிந்து, "கட்டணம் இணைக்கப்படவில்லை" என்று மனு திரும்பும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சான்றின் நகலை வைக்க வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் ஒப்புகை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதை மனு நகலின் பின்னால் அன்றே ஒட்டிவிடுங்கள்.

நாமே செய்த தவறு ஒன்று. ஆண்டுத் தொடக்கத்தில் சில மனுக்களைச் சங்கத்தின் லெட்டர்பேடில், சங்கத்தின் பெயரில் அனுப்பினோம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது வெள்ளைத் தாளில், உறுப்பினரின் சொந்தப் பெயரில், கையெழுத்தோடுதான் போகிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை, பிரிவு 6(2).

"விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்ற பதிலுக்கு ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, ஆவணத்தைக் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் வழக்கில் சொன்னது. மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுதினாலே பதிலின் தொனி மாறுகிறது. தனிநபர் விவரம் என்ற மறுப்புதான் இனிக் கடினம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜெ) பிரிவைச் சுருக்கியதில், அந்தப் பிரிவிலிருந்த பொதுநல விதிவிலக்கு போய்விட்டது. 8(2) மட்டும் மிச்சமிருக்கிறது. பொதுநலனை அதன் கீழ்தான் வாதாட வேண்டும்.

கெடு விஷயத்தில் கறாராக இருங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் 30 நாள், அதிகம் போனால் 45 நாளில் உத்தரவு. பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அவசரத்தில் பலர் நேராகப் பிரிவு 18இல் ஆணையத்துக்குப் புகார் அனுப்புகிறார்கள். அதில் அதிகாரிக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் கிடைக்கலாம். உங்களுக்கு ஆவணம் கிடைக்காது. உச்ச நீதிமன்றம் 2011லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. காகிதம் வேண்டுமென்றால் பிரிவு 19இன் கீழ் மேல்முறையீடுதான் வழி. 29ஆம் நாள் "பக்கத்துக்கு ரூ.2 வீதம் கட்டவும்" என்று கடிதம் வந்தால் கோபப்படாமல் கட்டுங்கள். கடிதம் கிளம்பியதிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரை அவர்களுக்கு நாள் ஓடாது. கெடு முடிந்த பிறகு வந்தால் 7(6)ஐக் காட்டி இலவசமாகவே கேளுங்கள்.

ஸ்டேஷன் சிசிடிவி பதிவு கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 18 மாதம் சேமிக்க வேண்டும், சாதனத்தில் இடமில்லை என்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி உட்கார வேண்டாம். சம்பவத்துக்கு மறுநாளே தேதி, நேரம், எந்த கேமரா (வாசல், வரவேற்பு, லாக்கப் வராந்தா) என்று குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். ஆர்.டி.ஐ. மனு அதன் பின்னால் போகட்டும்.

வரும் ஆண்டிலும் மேசை ஞாயிறு காலை 10 முதல் 12 வரை இருக்கும். மாதிரி மனுக்கள் சங்க அலமாரியில் பச்சைக் கோப்பில் உள்ளன. எடுத்தவர்கள் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மூலப் பிரதியைத் திரும்ப வைக்கவும். முதல் மேல்முறையீட்டு மாதிரி இப்போது கோப்பில் இல்லை. யாரிடம் இருக்கிறதோ அவர் அடுத்த ஞாயிறு கொண்டு வரவும்.

செயலாளர்