புளியும் நாலு அட்டைகளும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. பங்குனி முடியும்வரை இங்கே யாருக்கும் கை ஒழியாது, வீடெல்லாம் புளிதான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"இன்னும் குழு குழு என்று அலைகிறாயா?" என்று கேட்டிருந்தாய். அலைகிறேன்டி. 1989இல் நம் தருமபுரியில், பெண்கள் சேர்ந்து சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முதல் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது, சீட்டுக் கம்பெனிக்காரிகள் என்று நினைத்து நம்மைக் கண்டாலே கதவைச் சாத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாதம் பத்து ரூபாய் சேர்க்கவைப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். 1992இல் நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்க முன்வந்த பிறகுதான் அடமானம் வைக்கப் பத்திரம் இல்லாத பெண்களையும் வங்கியில் உட்காரச் சொன்னார்கள்.

இப்போது தொல்லை வேறு. வாராவாரம் வசூலிக்கும் தனியார் நிறுவனங்கள் பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக் கடன் கொடுக்கின்றன. அதற்கும் 'குழு' என்றே பெயர். சேமிப்பும் இல்லை, தீர்மான நோட்டும் இல்லை. 'குழுக் கடனால் கெட்டாள்' என்று ஊர் பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது.

போன கூட்டத்தில் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு வசூல் அட்டைகளை எடுத்துவைத்தாள். முதல் கடன் புருஷன் ஆபரேஷனுக்கு வாங்கியது. மற்ற மூன்றும் ஒன்றை அடைக்க ஒன்று. வாரத்துக்கு 2,150 ரூபாய் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவன் இருட்டிய பிறகும் திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லையாம். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் அழுகை நிற்கவில்லை.

குழுவின் கையிருப்பில் 20,000 ரூபாய்தான் இருந்தது. அது மாடு வாங்க வேறொருத்திக்குப் பேசிவைத்த பணம். அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாடு ஐப்பசியில வாங்கிக்கறேன். இவளுக்குக் குடுங்க" என்றாள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது மாதத் தவணை. குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மானம் எழுத, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாட்டுக்காரி யார் தெரியுமா? சிலேட்டில் நீ கை பிடித்துப் பெயர் எழுதப் பழக்கினாயே, பேனாவைத் தொடவே பயந்தாளே, அவள்தான். இப்போதும் எழுத்து கோணல்தான், ஆனால் அழுத்தி எழுதுகிறாள்.

அந்தப் பணத்தில் இரண்டு அட்டைகள் தீர்ந்தன. மீதி இரண்டுக்கு வழி புளிதான். முன்பு வியாபாரி கொண்டுவந்து கொட்டும் புளியை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். இந்த வருஷம் வங்கிக் கடனில் குழுவே எட்டு மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. ஐப்பசிவரை விற்காமல் வைத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும். அட்டைக்காரிக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு கிலோ பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். புதுப்புளி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, கல் உப்பு தூவி ஜாடியில் வை.

உன் அன்புத் தோழி